நின்ற இடம்

2024 தீபாவளிக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பலகாரத் தட்டு கூடத்தில் கைமாறிக்கொண்டிருந்த நேரம். நெடுநாள் கழித்து வந்திருந்த உறவுக்காரப் பெரியவர் ஒருவர் தங்கை மகனைப் பார்த்து, "என்ன தம்பி, இன்ஜினியரிங் முடிச்சாச்சா? எங்க வேலை?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். பையன் வாய் திறப்பதற்குள் அவன் அம்மா முந்திக்கொண்டாள். "கொரோனாவுல நின்னுபோச்சு சித்தப்பா. இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. முடிச்சிருவான்." அவன் கையிலிருந்த முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனான்.

கொஞ்ச நேரம் கழித்து நானும் ஏறிப்போனேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தான். இருபத்து மூன்று வயது. 2019-இல் மெக்கானிக்கல் சேர்ந்து, 2022 கோடையில் மூன்றாம் வருடத்தின் கடைசியில் நின்றவன். அன்றிலிருந்து ஒரு இருசக்கர வாகன ஷோரூமின் சர்வீஸ் பிரிவில் வேலை. "மாமா, திரும்பக் காலேஜுக்குப் போகட்டுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க, செய்றேன்" என்றான்.

நான் சொல்லவில்லை. "நீ ஏன் மாப்ளே நின்னே?" என்று கேட்டேன்.

"அதான் அம்மா சொன்னாங்களே."

அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. அந்தப் பதில் எனக்குப் பழக்கமானது. முப்பது வருடங்களுக்கு முன் அதைப் போன்ற ஒரு பதிலை வைத்துக்கொண்டு ஆறு வருடம் காலம் தள்ளியவன் நான்.

தமிழ்நாட்டில் கல்லூரியைப் பாதியில் விட்டவன் சுமக்கிற பாரம் தனி வகை. மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களில் இங்கே கல்லூரிச் சேர்க்கை நூற்றுக்கு 47. நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 28.4. வீட்டுக்கு வீடு படிக்கப் போகிற ஊரில் பாதியில் திரும்பியவன் எல்லோர் கண்ணிலும் படுவான். அவன் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வர வேண்டியவன் என்றால் பாரம் இன்னும் கூடும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு 2010 முதல் தமிழக அரசு தொழிற்கல்விக் கட்டணத்தில் சலுகை தருகிறது. அதற்காகத் தாலுகா ஆபீசில் வாங்கிய சான்றிதழின் நகலை என் தங்கை சாமி அலமாரியில் வைத்திருந்தாள். இந்த வீட்டில் இதுவரை பட்டம் பெற்றவர் யாருமில்லை என்று அரசு முத்திரையோடு சொல்லும் தாள் அது. அவள் அதைப் பெருமையாக வைத்தாள். பையன் நின்ற பிறகும் அதை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவன் தினமும் திருநீறு எடுக்கப் போகும்போது அந்தத் தாளைப் பார்க்கிறான்.

இப்படிப்பட்ட பையனுக்கு ஊர் இரண்டு அறிவுரைகளைத்தான் சொல்கிறது. ஒன்று, "எப்படியாவது முடிச்சிரு, பேருக்குப் பின்னாடி ரெண்டு எழுத்து இருக்கட்டும்." இன்னொன்று, "டிகிரி என்ன சோறா போடுது? பில் கேட்ஸ் படிப்ப விட்டவர்தானே." சொல்கிறவர்கள் இருவரும் நல்லவர்கள். இருவருமே அவன் ஏன் நின்றான் என்று கேட்பதில்லை.

பில் கேட்ஸ் 1975-இல் ஹார்வர்டை விட்டபோது அவர் தந்தை சியாட்டிலில் பெயர்பெற்ற வழக்கறிஞர். கேட்ஸின் கையில் ஒரு கம்பெனியின் தொடக்கம் இருந்தது. அவர் ஒரு வேலையை நோக்கிப் போனார். ஸ்டீவ் ஜாப்ஸ் 1972-இல் ரீட் கல்லூரியில் ஒரு செமஸ்டரோடு பெயரை எடுத்துவிட்டார் என்பது உண்மை. அதன் பிறகும் அதே கல்லூரியில் தங்கி, பிடித்த வகுப்புகளில் போய் உட்கார்ந்திருந்தார் என்பதும் உண்மை. இந்த இரண்டாவது பாதியை யாரும் பையன்களுக்குச் சொல்வதில்லை. எதை நோக்கிப் போகிறோம் என்று தெரிந்து வெளியேறுவது ஒன்று. எதிலிருந்து ஓடுகிறோம் என்று தனக்கே சொல்லாமல் வெளியேறுவது வேறொன்று. என் மருமகனும் நானும் இரண்டாவது வகை.

கல்லூரிப் படிப்பு நின்றுபோனவர்களுக்குச் சொல்லத் தகுந்த வாழ்க்கை ஒன்று நம் கும்பகோணத்திலேயே இருக்கிறது. கணித மேதை ராமானுஜன் பட்டப்படிப்பை முடிக்காதவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் எத்தனை தடவை திரும்பிப் போனார், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைத்தான் நிறுத்தி யோசிக்க வேண்டும். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர எதிலும் மனம் போகவில்லை. ஆங்கிலத்தில் தோற்று உதவித்தொகை போனது. 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். இது முதல் நிற்றல். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில், பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. வகுப்பில் மறுபடி சேர்ந்தார். ஊர் மாறியது, கட்டடம் மாறியது, ஆசிரியர்கள் மாறினார்கள். அவரை முதல் தடவை வெளியே தள்ளிய காரணம் மாறவில்லை. இப்போது உடலியங்கியல் பாடம் வந்து நின்றது. உடம்புக்கும் முடியாமல் போய், அங்கும் நின்றார். 1907-இல் தனியாகத் தேர்வு எழுதி மறுபடி தோற்றார்.

அந்த இரண்டாவது தோல்வியின் பாடத்தை நாம் கவனிப்பதே இல்லை. அவர் திரும்பிப் போனதில் குற்றமில்லை. தோற்ற அதே வாசல் வழியாக, அதே பாடங்களோடு, அதே மனத்தோடு போனார். பிறகு நாலைந்து வருடம் பசியும் நோட்டுப்புத்தகமுமாகக் கழிந்தன. 1910-இல் திருக்கோவிலூருக்குப் போய் கணித ஆர்வலரான வி. ராமசுவாமி அய்யரிடம் நோட்டைக் காட்டினார். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதே வருடம் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமில்லாத அவருக்கு விதியைத் தளர்த்தி, மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. அவர் கல்விக்கூடத்துக்கு உண்மையாகத் திரும்பியது அந்த நாளில்தான். 1914-இல் கேம்பிரிட்ஜ். 1916-இல் அங்கே ஆய்வின் அடிப்படையில் பி.ஏ. பட்டமும் வந்தது. மூன்றாவது தடவை அவர் போன வாசலில் உடலியங்கியல் இல்லை.

மேதைக்குக் கிடைத்தது நமக்குக் கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைக்காது. பல்கலைக்கழகம் நமக்காக விதியைத் தளர்த்தாது. அவருடைய இரண்டாவது தோல்வி மட்டும் நம் எல்லோருக்கும் பொது. நின்ற காரணம் அப்படியே இருக்க, திரும்பிப் போகிறவன் மறுபடி நிற்பான். அதனால்தான் போகலாமா, வேண்டாமா என்ற கேள்விக்கு முன்னால் ஏன் நின்றாய் என்ற கேள்வி வருகிறது. இதற்கு உண்மையான பதில் சொல்வதைப் போலக் கடினமான காரியம் வேறு எனக்குத் தெரியாது. என் கதையைச் சொன்னால் புரியும்.

விருதுநகர்ப் பக்கம் ஒரு சிறிய ஊர் எங்களுடையது. அப்பா அரிசி மில்லில் கணக்கு எழுதினார். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்து, பள்ளியில் முதலாவதாக வந்து, 1991-இல் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் வாரமே எனக்கு எதுவும் புரியவில்லை. பாடம் ஆங்கிலத்தில் நடந்தது என்பது ஒரு பாதி. புரியவில்லை என்று கையைத் தூக்க நான் பழகியதில்லை என்பது மறு பாதி. பள்ளியில் எப்போதும் விடை தெரிந்தவனாகவே இருந்துவிட்டேன். முதல் வருடம் மூன்று அரியர், இரண்டாம் வருடத் தொடக்கத்தில் இன்னும் மூன்று. 1993 ஜனவரியிலிருந்து நான் கல்லூரிக்குப் போகவில்லை. வீட்டிலிருந்து மட்டும் தினமும் போனேன். அம்மா கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸோடு ஏழு மணி பஸ்ஸில் ஏறி, பொது நூலகத்தில் இறங்கி, சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவேன். நான்கு மாதம். நூலகரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

மே மாதம் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. இரண்டு மாதம் மில்லுக்குப் போக முடியவில்லை. ஜூலையில் கல்லூரி திறக்கும்போது, "அப்பாவுக்கு இப்படி இருக்கப்ப நான் எப்படிப் போறது? ஒரு வருஷம் வேலைக்குப் போறேன்" என்றேன். எல்லோரும் கலங்கிப்போனார்கள். பொறுப்பான பிள்ளை என்றார்கள். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலையில் சேர்ந்தேன்.

அப்பா குணமானார். மில்லுக்கும் திரும்பினார். கதை மட்டும் குணமாகவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பாவே சொல்லத் தொடங்கினார். "எம் பயலுக்கு நல்ல படிப்பு. எனக்கு உடம்பு படுத்ததுல அவன் படிப்பு நின்னுபோச்சு." நான் பக்கத்தில் இருப்பேன். மறுக்கமாட்டேன். ஒரு பொய் சொல்லி முடித்துவிட்டேன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதை ஒருவர் சுமந்துகொண்டு நடப்பார் என்று நினைத்திருக்கவில்லை.

அந்த ஆறு வருடத்தில் திரும்பப் படிக்கலாமா என்று நான் நூறு தடவை யோசித்திருப்பேன். யோசனை ஒருநாளும் முன்னே நகரவில்லை. எப்படி நகரும்? அப்பா உடம்புதான் காரணம் என்றால் அவர் குணமான அன்றே நான் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. ஏன் என்று என்னை நானே கேட்டால் நூலகம் வந்து நிற்கும். உடனே யோசனையை மூடிவிடுவேன். முடிவெடுக்க முடியவில்லை என்று சொல்கிற பலரிடம் நான் இதைப் பார்க்கிறேன். தகவல் போதாமல் திணறுகிறவர்கள் குறைவு. தொடத் துணியாத ஒரு இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறவர்களே அதிகம்.

தீபாவளி முடிந்து பத்து நாள் இருக்கும். மருமகன் என்னைத் தேடி வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். இரண்டரை வருடமாக அதை அவன் திறந்ததில்லை. எத்தனை அரியர் என்று கேட்டேன். "பத்து இருக்கும் மாமா, பதினஞ்சுகூட இருக்கலாம்." திறந்து எண்ணினோம். இரண்டு. இரண்டுமே முதல் செமஸ்டரில் விட்டவை. அவன் தாள்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினான். அவனுக்கே நம்பிக்கை வரவில்லை.

பிறகு அவனாகவே சொன்னான். முதல் செமஸ்டர் மட்டும்தான் அவன் தேர்வு அறையில் உட்கார்ந்து எழுதியது. 2020-இல் கல்லூரிகள் மூடின. இரண்டாவது செமஸ்டர் தேர்வு ரத்தாகி, எல்லோரும் தேர்ச்சி. மூன்று, நான்கு, ஐந்து வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதியவை. "எல்லாரும் பார்த்துத்தான் எழுதுனாங்க மாமா. நானும்." மதிப்பெண் நன்றாகவே வந்தது. 2022-இல் வகுப்பு நேரடியாக நடந்தபோது, டிசைன் பாடம் எடுத்தவர் பலகையில் ஒரு கணக்கைப் போட்டு, நல்ல கிரேடு வாங்கிய பையன் என்று இவனைக் கூப்பிட்டார். இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் தெரிந்தால் இரண்டு நிமிட வேலை. அந்தப் பாடம் ரத்தான செமஸ்டரில் இருந்தது. அவன் சாக்பீஸோடு நின்றான். அடுத்த தேர்வு அறையில் வைத்துத்தான் என்ற அறிவிப்பு வந்ததும் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான். பிறகு போகவில்லை.

கொரோனாவில் நின்றது என்று அவன் அம்மா சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. உண்மையும் அதில் இல்லை. அவன் வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இப்படி நிற்கிறார்கள் என்றே நினைக்கிறேன். சான்றிதழில் பாடம் இருக்கும், கையில் இருக்காது. குற்றம் அவர்களுடையது மட்டுமில்லை. ஒரு தலைமுறையே போன் திரையைப் பார்த்துக்கொண்டு கால்வாசிப் படிப்பைக் கடந்தது. அப்படிக் கடந்துவிட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு இடம் இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தைப் பெரியவர்களாகிய நாம் உண்டாக்கவில்லை.

உண்மையைச் சொன்னவுடன் கேள்வியின் உருவமே மாறிவிட்டது. இதுவரை அது தைரியம் பற்றிய கேள்வியாக இருந்தது. இனி அது ஒரு வேலையாகிவிட்டது. மெக்கானிக்ஸ், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், கணக்கு இவற்றை முதலிலிருந்து கற்றுக்கொள்ள முடியுமா, எவ்வளவு நாளாகும் என்று பார்க்க வேண்டியதுதான். கற்க முடிந்தால் போகலாம். முடியாதென்றால் போகக் கூடாது. காலக் கணக்கும் இருந்தது. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி நான்கு வருட பி.இ.யைப் பதினான்கு செமஸ்டருக்குள், அதாவது ஏழு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். நடுவில் நின்ற காலமும் அதில் சேரும். 2019-இல் சேர்ந்தவனுக்கு அந்தக் கெடு 2026-இன் நடுவில் முடிகிறது. அவன் 2025 ஜனவரியில் ஆறாவது செமஸ்டரில் உட்கார்ந்தால் ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று செமஸ்டர் சரியாகக் கொள்ளும். கூட ஒரு நாள் இல்லை. அவன் சேர்ந்தது 2017 ரெகுலேஷனில், அதாவது அந்த வருடத்துப் பாடத்திட்டத்தில். அப்போது அந்த வகுப்பில் இருந்தவர்கள் 2021 ரெகுலேஷன். இடையில் மாறிய பாடங்களை அவன் தனியாக எழுத வேண்டியிருக்கும். இவை எல்லாம் கல்லூரி அலுவலகத்தில் அரைமணி நேரத்தில் தெரிந்துகொள்ளக் கூடியவை. இரண்டரை வருடம் அவன் அந்த அரைமணி நேரத்துக்குப் பயந்திருந்தான்.

கெடு தாண்டியவர்களுக்கு எப்போதாவது ஒரு சிறப்பு வாய்ப்பு வரும். 2001-02 முதல் சேர்ந்து அரியர் வைத்திருந்தவர்களுக்கு 2021-இல் அண்ணா பல்கலைக்கழகம் அப்படி ஒன்றைக் கொடுத்தது. நாற்பதை நெருங்கியவர்களும் எழுதக் கூடிய வாய்ப்பு அது. வந்தால் பயன்படுத்திக்கொள்ளலாம். வருமென்று வாழ்க்கையைத் தள்ளிவைக்கக் கூடாது. பி.இ.யைத் தொலைநிலைக் கல்வியில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டும். அப்படிச் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியில்லாமல் கொடுத்த பொறியியல் பட்டங்கள் 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் செல்லாமல் போயின. கலை, வணிகவியல் என்றால் வழி உண்டு. இக்னோ 1985 முதல் இருக்கிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 முதல் இருக்கிறது. அங்கீகாரமுள்ள தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022-இல் யுஜிசி அறிவித்தும் விட்டது. பத்தும் பன்னிரண்டும் முறையாக முடித்திருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். அவற்றை முடிக்காமல் திறந்தநிலையில் நேராகப் பட்டம் வாங்கியவர்கள் தமிழக அரசு வேலைக்குப் போகும்போது தடுக்கப்பட்டார்கள். பழைய கல்லூரி மிச்சக் கட்டணத்துக்காக அசல் சான்றிதழைப் பிடித்து வைத்திருந்தால் பயப்பட வேண்டாம். அப்படி வைத்திருக்கக் கூடாது என்று 2018-இலேயே யுஜிசி சொல்லியிருக்கிறது.

எல்லோருடைய காரணமும் எங்களுடையதைப் போல உள்ளே ஒளிந்திருப்பதில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண், பி.காம். இரண்டாம் வருடத்தில் கல்யாணத்துக்காக நிறுத்தப்பட்டவள். முப்பத்து நான்கு வயதில் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பி என்னிடம் யோசனை கேட்டாள். அவள் ஏன் நின்றாள் என்பதில் மறைக்க ஒன்றுமில்லை. நிறுத்தினார்கள், நின்றாள். "நிறுத்துன காரணம் இப்ப வீட்டுல இல்லையாம்மா?" என்று மட்டும் கேட்டேன். யோசித்தாள். சனி, ஞாயிறு நேர்முக வகுப்பு. அந்த நாட்களில் சமையல் யார்? தேர்வு நாளில் மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விடுப்பு எடுப்பது யார்? அவள் விண்ணப்பத்தை வாங்குவதற்கு முன்னால் கணவரோடு இதைத்தான் பேசினாள். மூன்று நாள் பேசினாள் என்றாள். நான் அறிந்து, திரும்பப் படிக்கப் போனவர்கள் செய்த ஏற்பாடுகளில் அந்த மூன்று நாள் பேச்சைவிடப் பெரியது இல்லை.

திரும்பிப் போகக் கூடாதவர்களும் உண்டு. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று அச்சடிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் போகிறவன் போக வேண்டாம். அச்சகத்தில் வேலை பார்த்தவன் நான். பத்திரிகை புரூஃபில் அந்த எழுத்துகளை அடைப்புக்குள்ளாவது போடுங்கள் என்று கெஞ்சிய தகப்பன்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வலியை நான் மதிக்கிறேன். ஒரு பத்திரிகை மூன்று நாளில் பழைய தாளாகிவிடும். அதற்காக ஒன்றரை வருடமும் கடனும் போகக் கூடாது. கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள் என்ற பொறாமையும் ஆறாவது செமஸ்டர் வரை தாங்காது. செய்கிற தொழிலில் ஒருவன் கை தேர்ந்து, மனம் ஒட்டி, அதிலேயே அடுத்த படி தெரிகிறது என்றால், அவன் கல்லூரிக்குத் திரும்பாமல் இருப்பது தோல்வியே இல்லை. அவன் செய்ய வேண்டியது ஒன்றுதான். 'முடிச்சிருவேன்' என்று சொல்வதை நிறுத்த வேண்டும். நடக்காத ஒன்றை நடக்கப் போவதாகச் சொல்லிச் சொல்லியே பல பேர் தங்கள் நல்ல தொழிலைக்கூடத் தற்காலிகமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 2 எழுத வேண்டும், அதற்குப் பட்டம் வேண்டும் என்றால் அது தெளிவான காரணம். குரூப் 4 போதுமென்றால் பத்தாம் வகுப்புச் சான்றிதழே போதும். தேவை எதுவென்று தெரிந்தால் மனம் தானாக அமைதியாகிறது.

நான் திரும்பியது 1999-இல். அச்சகத்தில் ராத்திரி ஷிஃப்டில் தமிழ்ப் புரூஃப் பார்க்கும்போது எனக்குத் தூக்கம் வராது. ஒற்றுப் பிழையைத் தேடுவதில் மணி போவதே தெரியாது. எனக்குப் புரிகிற மொழியில், எனக்கு மனம் போகிற பாடத்தைப் படிக்கலாம் என்று தோன்ற ஆறு வருடம் ஆகியிருந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழக அஞ்சல்வழிக் கல்வியில் பி.ஏ. தமிழ். விண்ணப்பத்தோடு பழைய கல்லூரியின் மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அப்பா நானும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பழைய கல்லூரியின் அலுவலக ஜன்னலில் வயதான குமாஸ்தா ஒருவர் பெரிய லெட்ஜரைப் புரட்டி என் பெயரைக் கண்டுபிடித்தார். சத்தமாகப் படிப்பது அவர் வழக்கம் போல. "ஆறு பேப்பர் அரியர். நாலாவது செமஸ்டர் அட்டெண்டன்ஸே இல்லையே. தொண்ணூத்தி மூணு ஜனவரியில இருந்து வரல." அப்பா மஞ்சள் பையை மார்போடு பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். தேதிகளை எழுதியே நாற்பது வருடம் பிழைத்தவர் அவர். தனக்குக் காமாலை வந்தது மே மாதம் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் இரண்டு டீ வாங்கினார். என் முகத்தைப் பார்க்காமல், "அம்மா டெய்லி சோறு கட்டிக் கொடுத்தாளே, அத எங்க வச்சுத் தின்ன?" என்றார். நூலகத்தைச் சொன்னேன். மாடிப்படிக்கு அடியில் வைத்துச் சாப்பிட்டதைச் சொன்னேன். பாடம் புரியாததை, கையைத் தூக்காததை, எல்லாவற்றையும் சொன்னேன். டீ ஆறிவிட்டது. ஊர் வரை அவர் மாற்றுச் சான்றிதழ் இருந்த உறையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு அந்தப் பழைய கதையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. விருந்தாளிகள் கேட்டால், "நடுவுல நின்னுட்டான். இப்பத் திரும்பப் படிக்கிறான்" என்பார். பி.ஏ. முடிக்க எனக்கு நான்கு வருடம் ஆனது. அப்பா இருந்தார்.

இந்தக் கதையை நான் மருமகனிடம் 2024 நவம்பரிலேயே சொன்னேன். அவன் பழைய புத்தகக் கடையில் முதல் வருட மெக்கானிக்ஸ் புத்தகம் வாங்கினான். ஷோரூமில் ஆறு மணிக்கு வேலை முடிந்து, எட்டு மணியிலிருந்து கணக்குப் போட்டான். முதல் பத்து நாள் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஒருநாள், வண்டியின் சைடு ஸ்டாண்டு ஏன் அந்த இடத்தில் அமைந்திருக்கிறது என்று வரைபடம் போட்டு எனக்கு விளக்கினான். எனக்குப் பாதிதான் புரிந்தது. டிசம்பர் இரண்டாம் வாரம் துறைத் தலைவரைப் பார்க்கப் போனான். ஏன் நின்றாய் என்று அவர் கேட்டாராம். காய்ச்சல் என்று சொல்ல வாய் வரை வந்ததாம். பாடம் தெரியாமல் கிரேடு வாங்கியிருந்தேன், தேர்வு அறைக்குப் பயந்து ஓடினேன் என்று சொல்லிவிட்டானாம். அவர் சற்று நேரம் அவனைப் பார்த்துவிட்டு, மறுசேர்க்கைப் படிவத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஜனவரியில் தன்னைவிட மூன்று வயது இளையவர்களோடு போய் உட்கார்ந்தான். வகுப்பில் அவனுக்குப் பெயரே அண்ணன் என்றாகிவிட்டது.

ஆறாவது செமஸ்டர் முடிவு வந்த வாரம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்து எல்லோரும் கூடத்தில் இருந்தோம். "மாமா, ஒரு பேப்பர் போச்சு" என்றான். எது என்றேன். "ஹீட் அண்ட் மாஸ் ட்ரான்ஸ்ஃபர். ரேடியேஷன் யூனிட் எனக்குப் புரியவே இல்ல. அதுலயிருந்து பெரிய கேள்வி வந்துச்சு, விட்டுட்டேன். அடுத்த தடவை எழுதணும்." அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தி அவனைப் பார்த்தாள். ரேடியேஷன் என்றால் என்ன என்று கேட்டாள். அவன் சொல்லத் தொடங்கினான்.